செய்ம்மதி காட்டும் அனற்புள்ளிகள்

காலபோக அறுவடை முடிந்து தாம்போதியைக் கடந்து பெருநிலப் பரப்பிற்குச் செல்வோர், அரிதாள் எரியும் புகையைக் காண்பர். அத்தீயை உப்புக்குளத்திலிருந்தே படத்திற் காணலாமென்று மாணவனொருவன் கூறியபோது யான் நம்பினேனல்லேன். பின்னர் அவனிடமே கற்றதை ஈண்டு எழுதுகின்றேன்.

2011, 2017, 2022 ஆம் ஆண்டுகளில் ஏவப்பெற்ற சுவோமி என்.பி.பி., நோவா-20, நோவா-21 என்னும் செய்ம்மதிகள் விர்ஸ் என்ற கருவியைத் தாங்கியவை. அது நிலத்தை ஏறக்குறைய 375 மீற்றர்ச் சதுரங்களாக நோக்கி, சூழலினும் மிக்க வெப்பமுள்ள சதுரத்தின் நடுவே ஒரு புள்ளியிடும். ஆலைச் சூளையும் புள்ளியாகலாம்; முகில் மறைத்த தீ புள்ளியாகாது. ஆதலின் இதனைத் தீப்புள்ளி என்பதினும் அனற்புள்ளி என்றலே பொருத்தம். நாசா நிறுவனத்தின் ஃபர்ம்ஸ் சேவை, நோக்கிய மூன்று மணி நேரத்துள் இவற்றை விலையின்றி வழங்குகின்றது.

மாணவன் கியூ.ஜி.ஐ.எஸ். என்னும் இலவசப் படவரை மென்பொருளில் இப்புள்ளிகளை இட்டிருந்தான். காட்டுக்கரைக் குளத்திற்குத் தெற்கே, அவன் அம்மானின் வைக்கோற்போருக்கு அருகில் ஒரு சிவப்புப் புள்ளி! நேரம் 12 ஆந் திகதி 20.12. பதறித் தொலைபேசியில் அழைத்தான். "அன்றிரவு எட்டு மணிக்கு நான் போரடியிலேதான் நின்றனான். தீயும் இல்லை, புகையும் இல்லை, தம்பி" என்றார் அவர்.

பொறி பொய்த்ததோ? இல்லை. அட்டவணையில் உள்ளது கிறீனிச் நேரம். நம் நாட்டுக்கு ஐந்தரை மணி கூட்டினால் 13 ஆந் திகதி அதிகாலை 1.42 ஆகும், நேரத்தோடு திகதியும் மாறிவிடுகின்றது. அம்மான் உறங்கிய வேளை அது. அவர் சென்று பார்க்க, அடுத்தவர் வயலின் அரிதாள் கருகிக் கிடந்தது, போர் தப்பியிருந்தது. புள்ளி சதுரத்தின் நடுவைக் குறிக்குமேயன்றித் தீ நின்ற இடத்தையன்று.

மூன்றாம் நாளும் அப்புள்ளி அகலவில்லை. அவன் கோப்பைப் பதிவிறக்கிக் கணினியில் வைத்திருந்தான். பிரதி எங்ஙனம் புதுப்பிக்கப்பெறும்? வேண்டுவது இணைப்பு. ஃபர்ம்ஸ் தளத்தில் மின்னஞ்சல் முகவரி கொடுத்துத் திறவுகோல் பெறுக. அத்திறவுகோல் சேர்ந்த தென்னாசிய முகவரியை மென்பொருளின் டபிள்யூ.எவ்.எஸ். இணைப்பில் இட்டு, இருபத்துநான்கு மணி நேரப் படலத்தைச் சேர்க்க. பின் அப்படலத்தின் பண்புகளில் 'ரெண்டரிங்' பகுதியிற் புதுப்பிக்கும் இடைவெளியைக் குறிக்க. அங்கே, படத்தை மீள வரைதல், தரவை மீளப் பெறுதல் என இரண்டு தெரிவுகள் இருப்பின் பின்னையதையே கொள்க; முன்னையது பழைய புள்ளிகளையே திரும்ப வரையும். கால்மணி இடைவெளி போதும். செய்ம்மதி வாராத வேளையில் நொடிதோறும் கேட்டுப் பயனென்ன?

விர்ஸ் தாங்கிய செய்ம்மதிகள் நண்பகலை அடுத்தும் நள்ளிரவை அடுத்துமே நம்மைக் கடப்பன. 2018 மார்ச் 11 ஆந் திகதி தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயிற் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர். அத்தகைய சரிவில் நிற்பவனுக்கு மூன்று மணி நேரம் மிக நீண்ட காலம். ஆகவே இப்படத்தைக் காவற்காரனுக்கு ஈடாகக் கொள்ளற்க.

மாணவன் இப்போது இலங்கை நேரத்திற்கெனத் தனி நிரல் ஒன்று சேர்த்திருக்கின்றான். அறுவடை நாள்களில் அம்மானே அழைத்து, "இண்டைக்குப் புள்ளி ஏதும் உண்டோ?" என்று கேட்கின்றாராம்.