ஓதமும் ஓர் அலையே

கடற்கரை அலையைக் காற்று எழுப்புகிறது. நாளுக்கு இருமுறை கடல் ஏறி வற்றும் ஓதத்தை நிலவு எழுப்புகிறது. நிலவு ஈர்க்கிறது, நீர் உயர்கிறது என்ற ஒரே வரியில் ஓதத்தை விளக்கிவிட்டதாகப் பலரும் நினைக்கிறோம். அந்த வரி பொய்யல்ல, ஆனால் போதாது. ஓதமும் ஓர் அலைதான். அலையின் இயல்பைப் புரிந்துகொண்டால்தான் ஓதத்தின் இயல்பு பிடிபடும்.

நடுக்கடலில் மிதக்கும் தக்கையை அலை தன்னோடு இழுத்துச் செல்வதில்லை. தக்கை மேலேறி, முன்னே சாய்ந்து, இறங்கி, ஏறக்குறைய பழைய இடத்துக்கே திரும்புகிறது. அதாவது, பயணம் போவது ஆற்றல்தான், நீர் அல்ல. அப்படியானால் கரையில் நிற்பவரை அலை கீழே தள்ளுவது எப்படி? ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் தணிகிறது, உயரம் கூடுகிறது. ஒரு கட்டத்தில் முகடு நிலைகொள்ளாமல் கவிழ்ந்து உடைகிறது. அப்போதுதான் நீரே முன்னே பாய்கிறது. அலையின் நீளம் கடலின் ஆழத்தைவிடப் பன்மடங்கு பெரிதானால், அதன் வேகத்தை ஆழம் ஒன்றே தீர்மானிக்கும். 4 கி.மீ. ஆழத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 700 கி.மீ. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே கிளம்பிய சுனாமி ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் தமிழகக் கரையைத் தாக்கியது இந்தக் கணக்கின்படிதான்.

ஓதத்துக்கும் இதே விதி பொருந்தும். பூமி சுழல்வதால், நிலநடுக்கோட்டில் நிலவுக்கு நேர் கீழேயே நீர்மேடு இருக்க வேண்டுமானால் அது மணிக்கு 1,600 கி.மீ. வேகத்தில் ஓட வேண்டும். அதற்குக் கடல் 20 கி.மீ. ஆழம் இருக்க வேண்டும். உண்மையான சராசரி ஆழமோ 4 கி.மீ.கூட இல்லை. எனவே ஓதம் நிலவுக்குப் பின்தங்கி, கண்டங்களில் மோதித் திரும்பி, ஒவ்வொரு கடலிலும் தனக்கென ஒரு வழியில் சுழல்கிறது. கடலின் இந்த எதிர்வினையை 18ஆம் நூற்றாண்டிலேயே கணிதமாக எழுதிக் காட்டியவர் பிரான்சின் லாப்லாஸ். சென்னையில் கடல் ஒரு மீட்டர் அளவுக்கே ஏறி இறங்குகிறது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் 10 மீட்டரை எட்டுகிறது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் 16 மீட்டர் வரை போகிறது. ஃபண்டியின் நீர் இயல்பாக முன்னும் பின்னும் ஊசலாட எடுக்கும் நேரம், இரு ஏற்றங்களுக்கு இடையிலான 12 மணி 25 நிமிடத்துக்கு மிக நெருக்கமானது. தாளம் தவறாமல் தள்ளிய ஊஞ்சல்போல அங்கே ஓதம் உயர்கிறது.

அப்படியென்றால் நிலவுக்குப் பங்கில்லையா என்று கேட்கலாம். நிச்சயம் உண்டு. ஏற்றம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாவதும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் கூடுதலாக ஏறுவதும் நிலவும் சூரியனும் இட்ட கணக்கு. ஆனால் அவை எப்போது என்பதைச் சொல்கின்றனவே தவிர, ஓரிடத்தில் கடல் எவ்வளவு ஏறும் என்பதைத் தாமே சொல்லிவிடுவதில்லை. அதை ஆழமும் கரையின் வடிவமும் சொல்கின்றன. அதனால்தான் ஓத அட்டவணை தயாரிக்க வானத்துக் கணக்கு மட்டும் போதாமல், ஒவ்வொரு துறைமுகத்திலும் நீர்மட்டத்தை அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இது ஏட்டு வாதம் அல்ல. கப்பல்களுக்காக எல்பே ஆற்றை ஆழப்படுத்தி, கரைகளையும் அணைகட்டி ஒடுக்கியதால், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு நூற்றாண்டில் 2 மீட்டர் அளவிலிருந்து மூன்றரை மீட்டருக்கு மேல் கூடிவிட்டது. நிலவு மாறவில்லை, மனிதர் ஆற்றை மாற்றினார்கள். முகத்துவாரத்தைத் தோண்டும் எந்தத் திட்டமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இனி ஓதம் எவ்வளவு ஏறும் என்பதே.