பிளாஸ்டிக் குப்பையும் உலக உடன்படிக்கையும்

நாடுகளுக்கு எல்லைக்கோடு உண்டு. கடலலைக்கு அஃது இல்லை. ஒரு நாட்டின் ஆற்றில் எறியப்பட்ட பிளாஸ்டிக் பை மற்றொரு நாட்டின் கரையில் ஒதுங்குகிறது. ஆதலின், எந்த நாடும் தனித்து நின்று இத்தீங்கை ஒழித்தல் இயலாது. நாடுகள் கூடிச் செய்யத்தக்கது யாது என்பதை இங்கே ஆராய்வோம்.

2019ஆம் ஆண்டில் உலகம் பயன்படுத்திய பிளாஸ்டிக் ஏறத்தாழ 46 கோடி டன். கழிவாகியது 35 கோடி டன். அக்கழிவில் மறுசுழற்சியால் மீண்டும் பயன்பட்டது நூற்றுக்கு 9 பங்கே என்று பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு கணக்கிட்டுள்ளது.

சட்டங்கள் அறவே இல்லாமற் போகவில்லை. கப்பல்கள் கடலில் பிளாஸ்டிக்கைக் கொட்டுதலை 1988இன் இறுதியில் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு விதி தடுக்கிறது. கழிவைப் பிறநாட்டுக்கு அனுப்புதலைப் பேசல் உடன்படிக்கையின் திருத்தம் 2021 முதல் கட்டுப்படுத்துகிறது. ஆயினும் இவை கழிவான பின் காக்கும் வேலிகளே. உற்பத்தியை இவை தீண்டவில்லை.

இக்குறையை நீக்கவே, பிளாஸ்டிக்கின் பிறப்பு முதல் இறப்பு வரை தழுவும் உடன்படிக்கை ஒன்றை உருவாக்க, 2022 மார்ச்சில் நைரோபியில் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் பேரவை முடிவு செய்தது. அதன்முன் நின்ற வழிகள் மூன்று. முதலாவது, புதிய பிளாஸ்டிக்கின் உற்பத்திக்கு வரம்பு கட்டுதல். இரண்டாவது, நச்சு வேதிப்பொருள்களையும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பண்டங்களையும் விலக்குதல். மூன்றாவது, குப்பையைத் திரட்டி மறுசுழற்சி செய்தலும், அச்செலவை உற்பத்தியாளர் ஏற்கச் செய்தலும், ஏழை நாடுகளுக்குப் பொருளுதவி அளித்தலும் ஆகும்.

மூன்றாவது வழியைப் பலரும் ஏற்றனர். முதல் வழியிலேயே பிணக்கு எழுந்தது. பிளாஸ்டிக்கின் மூலப்பொருள் பெரும்பாலும் எண்ணெயும் இயற்கை வாயுவும் ஆதலின், எண்ணெய் வளநாடுகள் பல வரம்பை எதிர்த்தன. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் வரம்பை வேண்டின. 2024இல் பூசானிலும், 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் கூடிய மாநாடுகள் உடன்பாடு காணாமலே கலைந்தன.

உற்பத்தியைக் கட்டுப்படுத்துதல் கனவன்று. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வேதிப்பொருள்களின் உற்பத்தியை 1987ஆம் ஆண்டின் மான்ட்ரீல் ஒப்பந்தம் படிப்படியாகக் குறைத்தது. வளரும் நாடுகளுக்கு அது கூடுதல் கால அளவு தந்தது. பின்னர் நிதியும் அமைத்தது. ஒப்பந்தத்தில் சேராத நாடுகளோடு அப்பொருள்களை வாணிகம் செய்வதையும் தடுத்தது.

குருதிப் பையும் ஊசிக்குழலும் பிளாஸ்டிக்கால் ஆனவையே. ஆதலின் அதனை முற்றும் ஒழித்தல் நோக்கமன்று, அளவறிந்து ஆளுதலே நோக்கம். மதகை அடைக்காமல் வயல் நீரை இறைப்பவன் உழைப்பு வீணாகும். குப்பை அகற்றலும் உற்பத்தி வரம்பும் ஒருங்கு நடந்தாலன்றிக் கடல் தூய்மை பெறாது.