கூட வர ஆள் இல்லாம ஸ்கூபா டைவிங் போகலாமா?

இந்த எபிசோடை திருத்தணியில எங்க வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்து பேசறேன். நடுவுல மணிச்சத்தம் கேட்டா அது மலைக்கோயில்.

எங்க ஊர்ல தண்ணின்னா அடிவாரத்துல இருக்கற சரவணப் பொய்கைதான். கடல் பார்க்க சென்னைக்கு ட்ரெயின் ஏறணும். இந்த ஊர்ல இருந்துக்கிட்டு "புதுச்சேரிக்கு ஸ்கூபா டைவிங் போறேன்"னு சொன்னப்போ, அம்மா செலவு எவ்வளவு, ஆழம் எவ்வளவுன்னு எதுவும் கேக்கல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "கூட யாரு வர்றா?"

யாரும் வரல. என்கூட ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடிச்ச ஃப்ரெண்டு வேலை கிடைச்சு துபாய் போயாச்சு. "அங்கேயே ஆள் தருவாங்கம்மா"ன்னு சொல்லி சமாளிச்சேன். பொய் இல்ல, ஆனா அரைகுறை பதில்.

முதல் தடவையா ட்ரை பண்றவங்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம். இன்ஸ்ட்ரக்டர் பக்கத்துலயே இருப்பார். சர்ட்டிஃபிகேட் வாங்கினவங்களுக்குத்தான் பிரச்சினை. அவங்க ரெண்டு ரெண்டு பேரா இறங்கணும். ஒருத்தர் காத்து தீர்ந்தா இன்னொருத்தரோட உபரி ரெகுலேட்டர்ல மூச்சு விடலாம், அதுக்குத்தான் அந்த ஜோடி. தூத்துக்குடி பக்கம் முத்துக் குளிச்ச காலத்துல, மேல கயிறு பிடிக்கற வேலையை மச்சான் கையிலதான் கொடுப்பாங்களாம். அக்கா தங்கச்சி தாலிக்காகவாவது கயித்தை விடமாட்டான்னு கணக்கு. எங்க அம்மா கேட்டதும் அதே கணக்குதான்.

எனக்குக் கிடைச்ச ஜோடி ஹைதராபாத்காரர், படகுல ஏறினப்புறம்தான் அறிமுகம். நம்ம ஊரு தெலுங்கு எனக்கு கைகொடுத்துச்சு, பிரியாணி வரைக்கும் பேசினோம். டைவ் பத்தி மட்டும் பேசல. தண்ணிக்குள்ள அவர் கேமராவும் கையுமா மீன் பின்னாடி போயிட்டார். என் கேஜ் 70 பார்ல நிக்குது, கை தட்டறேன், அவர் திரும்பவே இல்ல. முன்னாடி போன கைடை எட்டிப் பிடிச்சு மேல வந்தேன். ஒண்ணும் ஆகல. ஆனா அந்த ரெண்டு நிமிஷம் நான் தனியா இருந்தேன், அது எனக்கு நல்லாவே தெரிஞ்சது.

அவரைக் குறை சொல்லி பிரயோஜனம் இல்ல. படகுல அஞ்சு நிமிஷம் செலவழிச்சிருந்தா தீர்ந்திருக்கும். இப்ப முதல்ல கேமரா இருக்கான்னு கேப்பேன். அப்புறம், கடைசியா எப்ப டைவ் பண்ணீங்க, காத்து வேகமா தீருமா?

கடைசிக் கேள்வி ஏன்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 11 லிட்டர் சிலிண்டர், 200 பார்: மொத்தம் 2,200 லிட்டர் காத்து. 50 பாரை பத்திரமா மிச்சம் வச்சா கைல 1,650. 18 மீட்டர் ஆழத்துல அழுத்தம் மேல இருக்கறதைப் போல 2.8 மடங்கு, அதனால ஒவ்வொரு மூச்சுக்கும் அத்தனை மடங்கு காத்து செலவாகும். மேல நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கறவருக்கு அங்க 29 நிமிஷம் வரும். 14 லிட்டர் இழுக்கறவருக்கு 42. முதல்ல தீர்றவர் கிளம்பினா ரெண்டு பேரும் கிளம்பணும். இதை மேலயே பேசிக்கிட்டா கீழ முகம் சுளிக்க வேண்டியதில்ல.

சிக்னலும் அப்படித்தான். கட்டைவிரலைத் தூக்கினா நம்மூர்ல சூப்பர்னு அர்த்தம். தண்ணிக்குள்ள "மேல போலாம்". ஓகேன்னா விரலை வட்டமா வைக்கணும். பாதி காத்து, 50 பார், காதுல வலி, இதுக்கெல்லாம் சிக்னல் ஒருத்தருக்கொருத்தர் மாறும், காட்டிப் பார்த்துக்கோங்க. பிரிஞ்சுட்டா ஒரு நிமிஷம் சுத்திப் பார்த்துட்டு, அவசரப்படாம மேல வந்து சந்திக்கணும்.

யார் வேணும்னாலும், எப்ப வேணும்னாலும், காரணம் சொல்லாம டைவை நிறுத்தலாம். தெரியாத ஆளோட போறப்போ இதைத்தான் முதல்ல விட்டுடறோம். காசு கட்டியாச்சு, அவர் டைவ் என்னால கெடக்கூடாதுன்னு கூச்சம். அன்னிக்கு 100 பார்லயே எனக்கு சரியாப் படல, கூச்சத்துல இழுத்துக்கிட்டே போனேன்.

ஜோடி பிடிக்கற வேலையை ஊர்லயே ஆரம்பிச்சுடலாம். புக் பண்ணும்போதே "தனியா வர்றேன்"னு சொல்லி, ஒரு கைடுக்கு எத்தனை பேர்னு கேளுங்க. கொஞ்சம் கூட காசு ஆனாலும் கைடையே ஜோடியா கேக்கலாம், முதல் நாளுக்கு அது நல்ல செலவு. ஒரு வருஷமா தண்ணில இறங்கலன்னா ரெஃப்ரெஷர் எடுத்துடுங்க. யாரும் வேண்டாம், தனியாவே இறங்கறேன்னு நினைக்கறவங்களுக்கு சோலோ கோர்ஸ் இருக்கு, ஆனா 100 டைவ் முடிச்சிருக்கணும். நான் இன்னும் அந்தப் பக்கமே போகல.

படகு காலையிலேயே கிளம்பிடும். இங்கேர்ந்து காஞ்சிபுரம், திண்டிவனம்னு பஸ் மாறி புதுச்சேரி போக அரை நாள் ஓடிடும், அதனால முந்தின ராத்திரியே போய்த் தூங்கிடுங்க.

திரும்பி வர்றப்போ ஒரு சங்கதி. டைவ் முடிச்ச உடம்புல நைட்ரஜன் மிச்சம் இருக்கும். காத்தழுத்தம் குறைஞ்ச உயரத்துக்கு சீக்கிரமா போனா அது குமிழா மாறி உடம்பைப் பாதிக்கலாம். பல டைவ் பண்ணினா ஃபிளைட் ஏற 18 மணி நேரமாவது ஆகணும்னு சொல்றது இதனாலதான். சுமார் 600 மீட்டருக்கு மேல இருக்கற மலைக்கும் அதே கணக்கு. எங்க திருத்தணி மலை சின்னது, படியேறி களைக்கறதை மட்டும் மறுநாளுக்குத் தள்ளிப் போட்டா போதும். திருமலை அப்படி இல்ல, 800 மீட்டருக்கு மேல. நான் பத்திரமா வரணும்னு அம்மா வேண்டிக்கிட்டது அந்த மலைக்குத்தான். அன்னிக்கு ராத்திரியே கிளம்பலாம்னு பையோட நின்னாங்க. ஒரு நாள் கழிச்சுதான் போனோம்.