வலப்பக்கச் சாலை, வலப்பக்க ஸ்டீயரிங்

யாங்கோனில் டாக்ஸி ஏறும் தமிழ்நாட்டுக்காரருக்கு முதல் சில நிமிடங்கள் எல்லாம் பழகியதாகவே தெரியும். ஓட்டுநர் சென்னையில் போலவே வலப்பக்கம் உட்கார்ந்திருப்பார். சூலே பகோடாவைச் சுற்றிக்கொண்டு வண்டி வேகமெடுக்கும்போதுதான் உறைக்கும்: வண்டி ஓடுவதும் சாலையின் வலப்பக்கத்தில்தான். ஓட்டுநர் நடைபாதை ஓரமாக இருக்கிறார். எதிரே வரும் வண்டிகளோ பக்கத்து இருக்கைக்காரரின் தோளை ஒட்டிப் பறக்கின்றன. முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தால் அதைத் தாண்டலாமா, எதிரே வண்டி வருகிறதா என்று ஓட்டுநருக்குத் தெரியாது. வண்டியின் பாதியை எதிர்த்தடத்துக்குள் நீட்டினால்தான் கண்ணில் படும். இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தக் கோளாறுக்குப் பிறந்த தேதி உண்டு. 1970 டிசம்பர் 6-ஆம் தேதி ராணுவ ஆட்சியாளர் நே வின்னின் அரசு, அதுவரை இடப்பக்கம் ஓடிய பர்மாவை, அதாவது இன்றைய மியான்மாரை, வலப்பக்கத்துக்கு மாற்றியது. ஜோதிடர் சொன்னார், நே வின் கனவு கண்டார் என்று ஊரில் பல கதைகள் உலவுகின்றன. கதை எதுவானாலும் சாலை மாறியது, வண்டிகள் மாறவில்லை. ஆங்கிலேயர் காலத்து வண்டிகளும் பின்னால் ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களும் வலப்பக்க ஸ்டீயரிங்குடனேயே ஓடின.

இதோடு சுவீடனை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1967 செப்டம்பர் 3-ஆம் தேதி அந்த நாடும் இடமிருந்து வலத்துக்கு மாறியது. ஆனால் அங்கே பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங் ஏற்கெனவே இடப்பக்கம் இருந்தது. ஓவர்டேக் செய்யும்போது எதிர்ப்பக்கம் தெரியாமல் நேருக்கு நேர் மோதுகிறார்கள் என்பதே மாற்றத்துக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. வண்டிக்கு ஏற்பச் சாலையை மாற்றினார்கள். பஸ்களுக்குக் கதவைக்கூட மறுபக்கம் வைத்தார்கள். சுவீடன் எந்த ஆபத்தை ஒழிக்க நினைத்ததோ, அதே ஆபத்தை மூன்றே ஆண்டுகளில் பர்மா தன் தெருவுக்கு வரவழைத்துக்கொண்டது.

பஸ் பயணிகள்தான் இதில் அதிகம் அவதிப்பட்டார்கள். பழைய பஸ்களில் கதவு இடப்பக்கம். சாலையின் வலப்பக்கம் ஓடும் பஸ்ஸிலிருந்து இடப்பக்கம் இறங்கினால் கால் வைப்பது நடுச்சாலையில். கைக்குழந்தையோடு இறங்கும் தாய்க்குப் பின்னால் கார்கள் வந்துகொண்டிருக்கும். போதாக்குறைக்கு, முதலாளிக்கு நாள் கணக்கில் கட்ட வேண்டியது போக மிஞ்சும் வசூல்தான் ஓட்டுநருக்கும் கண்டக்டருக்கும் கூலி. ஒரே தடத்தில் இரண்டு பஸ் என்றால் அடுத்த நிறுத்தத்துப் பயணிகளை முதலில் அள்ளப் பந்தயம்தான். 2017 ஜனவரி 16-ஆம் தேதி பழைய தடங்களைக் கலைத்து ஒய்.பி.எஸ். என்ற புதிய பஸ் அமைப்பைக் கொண்டுவந்தார்கள். குறைகள் இருந்தாலும், வலப்பக்கக் கதவுள்ள புதிய பஸ்கள் தெருவுக்கு வந்ததே பெரிய நிம்மதி.

கார்களின் கதை வேறு. 2011-இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. பழைய வண்டியை ஒப்படைத்தால் புதிதாக இறக்குமதி செய்ய அனுமதி கிடைத்தது. ஜப்பானின் பழைய கார்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. ஊர் சில ஆண்டுகளிலேயே போக்குவரத்து நெரிசலில் திணறியது. ஸ்டீயரிங் இடப்பக்கம் உள்ள வண்டிகளை மட்டுமே இறக்குமதி செய்யலாம் என்ற விதி 2018-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் வந்து சேர்ந்த கார்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2003 முதல் நகரின் பெரும்பகுதியில் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால் மாண்டலேயில் காணும் பைக் விபத்துகள் யாங்கோன் நடுநகரில் குறைவு. இங்கே அடிபடுபவர் பெரும்பாலும் நடந்து போகிறவர். அனௌரதா சாலையில் காளி கோயில் பக்கம் ஒரு மாலை நேரம் நின்று பார்த்தால் விளங்கும். நடைபாதையைக் கடைகள் பிடித்துக்கொள்ள, ஜனங்கள் சாலையில் இறங்கி நடக்கிறார்கள்.

நகரை விட்டு வெளியே போனால் யாங்கோன்–மாண்டலே விரைவுச்சாலை. 2009-இல் திறக்கத் தொடங்கிய, 580 கிலோமீட்டருக்கு மேல் நீளும் இந்தச் சாலைக்கு மக்கள் வைத்த பெயர் ‘மரண நெடுஞ்சாலை’. கான்கிரீட் தளத்தில் மணிக்கணக்கில் ஓடித் தேய்ந்த டயர் வெடிப்பது அங்கே அடிக்கடி கேள்விப்படும் சேதி. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 அறிக்கை மியான்மாரில் 1 லட்சம் பேருக்கு ஏறக்குறைய 20 பேர் சாலையில் இறப்பதாக மதிப்பிட்டது. உலகம் முழுவதும் 2021-இல் சாலையில் இறந்தவர்கள் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணமே இதுதான்.

விபத்து நடந்த பிறகு என்ன? இங்கேதான் தமிழ் வாசகருக்கு நெருக்கமான ஒரு சங்கதி இருக்கிறது. மியான்மாரின் தண்டனைச் சட்டம் 1860-இல் இந்தியாவுக்காக எழுதப்பட்ட அதே சட்டம். கண்மூடித்தனமாக ஓட்டினால் 279, கவனக்குறைவால் உயிர் போனால் 304-ஏ. பிரிவு எண்கள்கூட ஒன்றே. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. யாங்கோன் நீதிமன்றங்களில் 304-ஏ இன்னும் உயிரோடு இருக்கிறது.

குற்றத்துக்குத் தண்டனை என்பதில் ஒன்றாக இருந்த இரண்டு நாடுகளும் நட்டஈட்டில் பிரிந்து போயின. 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில் இந்தியாவில் 1939 மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. 1956-இல் செய்த திருத்தம் விபத்து நட்டஈட்டுக்கென்றே தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தது. பர்மா அந்த வண்டியில் ஏறவே இல்லை.

அதனால் என்ன வித்தியாசம் என்பதை ஒரு கணக்கு காட்டும். சென்னையில் மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த, சொந்தத் தொழில் செய்த 32 வயதுக்காரர் ஒருவர் லாரி மோதி இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவரை நம்பி வீட்டில் நான்கு பேர். எதிர்கால வருமான உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் மாதம் 21,000. அவர் தனக்கென்று செலவழித்திருக்கக்கூடிய கால் பங்கைக் கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. அந்த வயதுக்கு உச்ச நீதிமன்றம் வகுத்த பெருக்கு எண் 16. ஆக 30 லட்சத்து 24 ஆயிரம் ரூபாய். ஈமச்சடங்குச் செலவு போன்றவை இதற்கு மேல். 2009-இல் சர்லா வர்மா வழக்கும் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கும் இந்தக் கணக்கை நிலைநிறுத்தின. தீர்ப்பு தாமதமாகலாம், இன்சூரன்ஸ் கம்பெனி இழுத்தடிக்கலாம். ஆனாலும் எவ்வளவு கேட்கலாம் என்பது விதவைக்குத் தெரியும், வக்கீலுக்கும் தெரியும்.

யாங்கோனில் அப்படியொரு அளவுகோல் கையில் கிடையாது. இறந்தவரின் குடும்பம் சிவில் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்குத் துணையாக நிற்பது 1855-ஆம் ஆண்டின் உயிர்ச்சேத விபத்துச் சட்டம். ரயில் வண்டி புதுமையாக இருந்த காலத்தில் எழுதியது. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்காக வழக்குப் போட அது இடம் தருகிறது. குற்ற வழக்கில் விதிக்கும் அபராதத்திலிருந்து ஒரு பகுதியைக் குடும்பத்துக்குக் கொடுக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் சிவில் வழக்கு நீளும், செலவு வைக்கும். ஆகவே போலீஸ் நிலையத்திலோ டீக்கடை மேசையிலோ உட்கார்ந்து பேசி முடிப்பதே வழக்கமாகிப் போனது. பேசத் தெரிந்தவருக்கும் ஆள்பலம் உள்ளவருக்கும் ஒரு தொகை, சவரக் கடைக்காரரின் மனைவிக்கு வேறு தொகை. செத்துப்போனவரின் உழைப்புக்கு விலை வைப்பது அந்த மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது. இது அநியாயம்.

காப்பீடு இல்லாமல் இல்லை. 1993-ஆம் ஆண்டுச் சட்டம் வண்டி உரிமையாளர்களுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அரசு நிறுவனமான மியான்மா இன்சூரன்ஸ் அதை நடத்துகிறது. கிடைக்கும் தொகை சிறியதுதான். என்றாலும் அடிபட்டவர் கேட்டுப் பெற வேண்டிய உரிமை அது. மோதிய வண்டியின் எண்ணைக் குறித்து வைப்பதும், காப்பீட்டு விவரத்தை உடனே கேட்டு வாங்குவதும் அதனால்தான் முக்கியம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் உயிர். அடிபட்டவரைத் தூக்கிப் போனால் போலீஸ் கேஸ் என்று ஆஸ்பத்திரிகள் கையை விரித்த காலம் யாங்கோனிலும் இருந்தது. 2014-இல் வந்த அவசர சிகிச்சைச் சட்டம், போலீஸ் நடைமுறைக்குக் காத்திராமல் முதலில் சிகிச்சை தரச் சொல்கிறது. இந்தியாவில் இதே பயத்தைப் போக்க உதவி செய்பவரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016-இல் உறுதிப்படுத்தியது. சாலைப் பாதுகாப்பை அந்த நீதிமன்றத்தின் மேசைக்குக் கொண்டுபோய் இன்னொரு வழக்குத் தொடுத்தவர் கோவையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். நொறுங்கிய கால்களை ஆண்டுக்கணக்கில் பார்த்த ஒரு மருத்துவர் 2012-இல் மனுப் போட்டார். 2014-இல் நீதிமன்றம் ஒரு குழுவையே அமைத்தது. யாங்கோனில் அடிபட்டவரைத் தூக்கிப் போக முன்வருவது பெரும்பாலும் தொண்டர்கள்தான். ஆம்புலன்ஸுக்கு 192, போலீஸுக்கு 199 என்ற எண்கள் இருந்தாலும், தெருவுக்கு முதலில் வந்து நிற்பது பல நேரம் ஊர்க்காரர்கள் காசு போட்டு ஓட்டும் தர்ம ஆம்புலன்ஸ்.

சிகிச்சை தொடங்கிய பிறகு குடும்பத்தில் ஒருவர் காகிதங்களைப் பார்க்க வேண்டும். போலீஸில் முதல் தகவல் பதிவானதா, சாட்சிகளின் பெயர் அதில் இருக்கிறதா, மருத்துவச் சான்றில் காயங்கள் முழுதாக எழுதப்பட்டதா என்று சரிபார்க்க வேண்டும். மருந்துச் சீட்டும் சம்பளக் கணக்கும் பத்திரமாக இருக்கட்டும். வண்டிகள் நின்ற நிலையை, அகற்றுவதற்கு முன் செல்போனில் படம் எடுத்து வைத்தால் எந்தத் தடத்தில் யார் இருந்தார் என்ற சச்சரவு பாதி அடங்கும். கையெழுத்துக் கேட்டு சமரசக் காகிதம் நீட்டினால் வக்கீலிடம் காட்டாமல் போடக் கூடாது. ஆறு மாதம் கழித்து இன்னொரு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் அந்தக் காகிதம் கதவை மூடிவிட்டிருக்கும். 2016-இல் சட்ட உதவிச் சட்டம் வந்தது. ஆனால் 2021 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு வக்கீல்களின் நிலைமையே நெருக்கடியில் இருக்கிறது. நம்பிக்கையான வக்கீலைக் கோயில் சங்கம், வேலையிடம், அக்கம்பக்கம் மூலம் தேடுவதே பலருக்கும் கைகொடுக்கும் வழி.

பேச்சுவார்த்தையில் நாளைக் கடத்துவதில் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. பழைய காலவரம்புச் சட்டத்தின்படி உயிர்ச்சேதத்துக்கும் உடல் காயத்துக்கும் நட்டஈடு கேட்டு வழக்குப் போட ஓராண்டுதான் அவகாசம். உயிர் போயிருந்தால் இறந்த நாளிலிருந்தும், காயமென்றால் அடிபட்ட நாளிலிருந்தும் அது எண்ணப்படுகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் மாதங்களும், அடுத்த வாரம் பணம் தருகிறேன் என்று எதிர்த்தரப்பு சொல்லிக்கொண்டே போகும் மாதங்களும் அந்த ஓராண்டுக்குள்தான் அடங்கும்.