பொழுதுபட முதல்

1990 ஆனியில் போர் மறுபடி மூண்டதோடு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி, சவர்க்காரம் என்று ஒவ்வொன்றாகத் தடைப்பட்டன. மண்ணெண்ணெய் அருமையிலும் அருமை. அப்போதுதான் ஜாம் போத்தல் விளக்கு எங்கள் வீட்டுக்குள் வந்தது. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவுக்கு எண்ணெய், கம்பியில் நிறுத்திய சின்னத் திரி. போத்தலே சிமிலி. ஒரு இரவு எரிந்தால் கண்ணாடி முழுக்கக் கரி.

"தம்பி, பொழுதுபட முதல் போத்தலைத் துடைச்சு வை." அம்மா இதைச் சொல்லாத நாள் இல்லை. ஷெல் விழுந்த நாளிலும் சொன்னா. பழைய சாரத் துண்டில் அடுப்புச் சாம்பல் தொட்டு, வாய் ஒடுங்கிய போத்தலுக்குள் இரண்டு விரலை விட்டுச் சுற்றிச் சுற்றித் தேய்ப்பேன். சைக்கிளைக் கவிழ்த்து டைனமோ சுற்றி பிபிசி தமிழோசை கேட்க வைப்பது அண்ணாவின் வேலை. பனம்பழம் பிசைந்து உடுப்புத் தோய்ப்பது அக்காவின் வேலை. அதை நல்ல காலம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். மருந்தில்லாமல் போன உயிர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே உண்டு. ஆனால் இருட்டுமுன் முடிக்க ஆளுக்கொரு வேலை இருந்தது. கரி போய்க் கண்ணாடி தெளியும்போது என் நெஞ்சுப் படபடப்பும் கொஞ்சம் அடங்கும்.

2022 வேறு மாதிரி. கடையில் சாமான் ஓரளவு இருந்தது, சம்பளம்தான் கரைந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர், மாதம் முடியுமுன் 300-ஐ நெருங்கியது. மாதக் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு. அலுமாரிக்கு மேலிருந்த போத்தலை இறக்கினோம்; மண்ணெண்ணெய்க்கும் வரிசை. தடைக் காலத்தில் எது இல்லை என்று தெரியும். இப்போது நாளைக்கு எது என்ன விலை என்றே தெரியவில்லை. சார்ஜ் இருக்குமட்டும் போனில் டொலர் விலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா முற்றத்தில் அவித்த பனங்கிழங்கோடு இருந்தா. "விலையை நாளைக்கும் பாக்கலாம். பிந்தினால் கிழங்கு தும்பாப் போயிடும். வந்து கிழி."

தோலை உரித்து, தும்பை இழுத்து, இரண்டாகக் கிழித்துப் பாயில் பரப்பினோம். சூடு விரல் நுனியில் சுட்டது. ஒரு கடகம் முடியுமட்டும் நான் போனைத் தொடவில்லை. அது காய்ந்து வந்த புழுக்கொடியல்தான் பல நாள் பின்னேரத் தேத்தண்ணிக்குத் துணை. அந்த ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340-க்குப் பாய்ந்தபோது, அம்மா வேலிக்கரையில் அடுத்த கிழங்குப் பாத்திக்குப் பனங்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தா.

இப்போது கரண்ட் ஒழுங்காக வருகிறது. ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. பாத்தியில் கொட்டை அடுக்குவது இப்போது என் மகளின் வேலை. "நெருக்கி அடுக்கு பிள்ளை, இடம் விடாதை" என்று கதிரையில் இருந்தபடி அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறா.