பின்தங்கிய மாவட்ட நிதி நின்றபின், நெற்களம் யார் பணத்தில்?

அறுவடை நாட்களில் திண்டிவனம், மயிலம், ஒலக்கூர் பக்கம் நெல்லும் மணிலாவும் தார்ச்சாலையில் காய்கின்றன. பல ஊர்களில் சிமெண்ட் களம் போதவில்லை. ஈரம் குறையாமல் கமிட்டிக்குப் போகும் மூட்டைக்கு விலை இறங்குகிறது. இப்படி விடுபட்ட தேவைகளுக்கென்றே ஒரு காலத்தில் தனிப் பணம் வந்தது.

அதுதான் மத்திய அரசு 2007-ல் தொடங்கிய பின்தங்கிய பகுதிகள் மானிய நிதி. நாட்டில் 250 மாவட்டங்கள்; தமிழ்நாட்டில் விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை என ஆறு. மாவட்டத்துக்கு ஆண்டுக்குக் குறைந்தது 10 கோடி ரூபாய். மேற்கொண்டு மக்கள்தொகை, பரப்பளவுக்கு ஏற்ப. இன்ன வேலைக்கு மட்டும் என்ற கட்டு இல்லை. கிராம சபை தேவையைச் சொல்ல, மாவட்டத் திட்டக்குழு தொகுத்து அனுப்பும்.

2015-16 மத்திய பட்ஜெட்டில் இந்த உதவி நின்றது. 14-வது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி மாநிலங்களின் வரிப்பங்கு 32-லிருந்து 42 சதவீதமாக உயர்ந்ததால், இனி மாநிலங்களே பார்த்துக்கொள்ளலாம் என்றது மத்திய அரசு. அந்தப் பங்குக்குள் தமிழ்நாட்டின் விகிதம் 4.969-லிருந்து 4.023 ஆகக் குறைந்ததே என்றது மாநிலம். இரண்டு கணக்கும் சரி. ஆனால் விழுப்புரம் பின்தங்கியது என்பதற்காக வந்த மத்தியப் பணம் வரவில்லை.

பின்தங்கிய வட்டாரங்களுக்காக மாநில அரசு 2012-13-ல் சமச்சீர் வளர்ச்சி நிதியைத் தொடங்கியது. அப்போது ஆண்டுக்கு 100 கோடி. அதை மாநிலத்தின் பின்தங்கிய வட்டாரங்களுக்கெல்லாம் பகிர வேண்டியிருந்தது.

ஊராட்சிக்கு நேரடியாக வருவது நிதிக்குழு மானியம். 15-வது நிதிக்குழு 2021-26 காலத்துக்குத் தந்ததில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்டது. ஊரே முடிவு செய்யக்கூடியது 40 சதவீதம். தெருவிளக்கும் சாலையும் களமும் அதற்குள்தான் போட்டியிட்டன. பணத்தோடு ஊரின் விருப்பத்துக்கு இருந்த இடமும் சுருங்கியதுதான் பெரிய இழப்பு.

டெல்லி, சென்னை வாதம் முடியும்வரை களம் காத்திருக்க முடியாது. அடுத்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டம் அக்டோபர் 2 கிராம சபையில் பேசப்படும். அதற்கு முன்பே விவசாயிகள் செய்ய வேண்டியவை:

• களத்துக்கு ஏற்ற ஊராட்சி இடத்தின் சர்வே எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.
• பயன்பெறும் விவசாயிகள் எத்தனை பேர், எத்தனை ஏக்கர் என்று எழுதி, கையெழுத்து வாங்குங்கள்.
• கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் பார்த்துவிட்டு, நகல் கேட்டு வாங்குங்கள்.

வாயால் சொன்ன தேவை கூட்டத்தோடு கலைந்துவிடும். தீர்மானமாக இருந்தால், எந்த நிதி வந்தாலும் எடுத்துக் காட்டலாம்.