பூட்டிக் கிடந்த வீட்டுக்கு எந்தச் சூடு?

மலையில் சின்னதாக ஒரு வீடு கட்டியிருக்கிறோம் என்று சொன்னால், தண்ணீர் வருமா, காட்டெருமை வருமா என்றுதான் கேட்கிறார்கள். குளிருக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர் அரிது. கோயம்புத்தூர் வெயிலில் நின்று யோசிக்கும்போது குளிர் ஒரு சுகமாகத்தான் தெரியும். டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ கோத்தகிரிப் பக்கம் ஒரு சனிக்கிழமை ராத்திரி தங்கினால்தான் அது என்ன பாடு படுத்தும் என்று புரியும். வெளியே 8, 9 டிகிரி. ஊட்டியின் பள்ளமான இடங்களில் புல்லின் மேல் உறைபனியே படியும். பகலெல்லாம் மேகமில்லாமல் பளிச்சென்று வெயில் அடித்திருக்கும். அதே மேகமில்லாத வானம்தான் ராத்திரியில் தரையின் சூட்டைத் தடையில்லாமல் மேலே விட்டுவிடுகிறது.

எங்கள் வீடு கோத்தகிரிக்கு வெளியே, கிட்டத்தட்ட ஆறாயிரம் அடி உயரத்தில், ஒரு தேயிலைச் சரிவின் ஓரத்தில் இருக்கிறது. 12க்கு 15 அடியில் ஒரே அறை, 9 அடி உயரம், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால், ஹீட்டர் கடைக்குப் போகும் முன்னால் ஒரு தாளை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன். மலையில் இப்படி ஓர் இடம் வைத்திருப்பவர்களுக்கும் கட்டப்போகிறவர்களுக்கும் அந்தக் கணக்கு உதவும்.

குடியிருக்கும் வீட்டுக்குச் சொல்லும் யோசனை வார இறுதி வீட்டுக்குப் பொருந்தாது. தினமும் அடுப்பு எரிந்து, ஆள் நடமாடும் வீட்டின் சுவர்கள் ஓரளவு வெதுவெதுப்பாகவே இருக்கும். எங்கள் வீடு திங்கள் முதல் வெள்ளி வரை பூட்டிக் கிடக்கும். சுவர், தரை, கட்டில், மெத்தை எல்லாம் மலையின் குளிருக்கே இறங்கியிருக்கும். எங்கள் நான்கு சுவர்களின் எடை மட்டும் சுமார் 17 டன். அவ்வளவு செங்கல்லையும் ஒரே ஒரு டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 4 யூனிட் மின்சாரத்தின் அளவுக்கு வெப்பம் வேண்டும். பத்து டிகிரி ஏற்ற 40 யூனிட். சனிக்கிழமை மத்தியானம் போய் ஞாயிறு சாயங்காலம் திரும்புகிறவர்கள் அந்தச் சுவரோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாது. அதனால் இப்படிப்பட்ட வீட்டுக்குச் சீக்கிரம் சூடு தருவது வேண்டும். சுவர் சில்லென்று இருந்தாலும் எதிரே உட்கார்ந்திருப்பவர் மேல் நேராக அனல் வீசுவது வேண்டும். கரண்ட் போனாலும் நிற்காதது வேண்டும்.

இன்னொரு விஷயம் இதற்கெல்லாம் முந்தியது: கூரை. வெளியே 8 டிகிரி, உள்ளே 18 டிகிரி என்று வைத்துக்கொண்டு எங்கள் அறையின் இழப்பைப் போட்டுப் பார்த்தேன். சுவர் வழியாகச் சுமார் 800 வாட். கண்ணாடி ஜன்னல்கள் வழியாக 200 சொச்சம். கதவு ஜன்னல் இடுக்குகளில் புகும் காற்றால் 400 போல. வெறும் ஷீட் கூரை வழியாக மட்டும் 1,000 வாட். மொத்தம் இரண்டரை கிலோவாட். ஷீட்டுக்குக் கீழே ஒரு ஃபால்ஸ் சீலிங் போட்டு, அதன் மேல் இரண்டு அங்குல ராக்வூல் பரப்பினால் அந்த ஆயிரம் நூறு சொச்சமாக இறங்கிவிடும். கதவின் அடியில் ரப்பர் பட்டை, ஜன்னல் இடுக்கில் ஃபோம் டேப், கனமான திரைச்சீலை என்று போட்டதும் மொத்தத் தேவை ஒன்றரை கிலோவாட்டுக்கும் கீழே வந்தது. எந்த ஹீட்டர் நல்லது என்று என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் முதலில் சீலிங் இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். அது இல்லாமல் எதை வாங்கினாலும் பாதிச் சூடு வானத்துக்குத்தான் போகும்.

இனி ஒவ்வொன்றாக. கடையில் முதலில் காட்டுவது ஆயில் ஹீட்டர். சத்தமில்லை, நெருப்பில்லை. 2,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் முழுசாக ஓடினால் 2 யூனிட். இரண்டு மாதத்துக்கு வீடுகளுக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவச மின்சாரம் 50 மணி நேரம் வரும். வாரம் ஒரு ராத்திரி தங்குகிறவர்களுக்கு இது மோசமில்லை. ஆனால் இரண்டு சிக்கல். அந்த எண்ணெயும் இரும்பும் சூடாகி அறைக்குப் பரவுவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். அடுத்தது வோல்டேஜ். ஹீட்டரின் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் 2,000 வாட் தரும் ஹீட்டர், சாயங்காலம் லைன் 180 வோல்ட்டுக்கு இறங்கும்போது 1,225 வாட்தான் தரும். சூடு அதிகமாக வேண்டியிருக்கும் நேரத்தில்தான் அது குறைகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஒரு மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் அதுவும் இல்லை. ஆயில் ஹீட்டர் வாங்குகிறவர்கள் 16 ஆம்பியர் பிளக்கில், தனி ஒயர் இழுத்துப் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி ராத்திரி முழுக்க ஓட விடாதீர்கள்.

குளிர், சூடு இரண்டும் தரும் இன்வெர்ட்டர் ஏசி உண்மையில் சிக்கனமானது. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தையே இழுத்து உள்ளே தள்ளுவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட்டுக்கு மேல் வெப்பம் கிடைக்கும். நீலகிரிக் குளிருக்கு அது தாராளமாக வேலை செய்யும். வருஷம் முழுக்க மலையில் குடியிருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். வாரம் ஒரு நாளுக்கு அவ்வளவு முதல் போட எனக்கு மனம் வரவில்லை. கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும். சோலார் பேனல் விளக்குக்கும் செல்போனுக்கும் போதும். அறையைச் சூடாக்கும் அளவுக்கு பேட்டரி வாங்குவது இந்தச் சின்ன வீட்டுக்கு ஆகாத காரியம்.

சிலிண்டர் வைத்த கேஸ் ஹீட்டர் பற்ற வைத்ததும் அனல் வீசும், விலையும் அதிகமில்லை. ஆனால் குழாய் இல்லாத அந்த ஹீட்டர் அறைக் காற்றின் ஆக்சிஜனைத் தின்றுதான் எரிகிறது. எரிந்த வாயு முழுவதும் அறைக்குள்ளேயே இருக்கும். அதோடு ஒரு கிலோ கேஸ் எரிந்தால் சுமார் ஒன்றரைக் கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவரும். அந்த ஆவி சில்லிட்ட சுவரில் போய் வேர்க்கும், மெத்தையில் ஏறும், அடுத்த வாரம் போனால் அலமாரியின் பின்பக்கம் பூசணம் பூத்திருக்கும். ஏற்கெனவே ஈரம் சொட்டும் மலை வீட்டுக்கு இன்னும் ஈரத்தைக் கொண்டுவரும் ஹீட்டர் எதற்கு?

அடுப்புக்கரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெளியே கரியைப் பற்ற வைத்து, புகை அடங்கித் தணலானதும் சட்டியோடு அறைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்தித் தூங்குவது மலை ஊர்களில் இன்னும் நடக்கிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சுற்றுலா வந்தவர்கள் இப்படித் தூங்கி எழாமலே போன செய்திகளைப் படித்திருப்பீர்கள். புகை இல்லாததால் ஆபத்தில்லை என்று நினைப்பதுதான் உயிரை வாங்குகிறது. தணல்தான் கார்பன் மோனாக்சைடை அதிகமாக விடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி. தூக்கம் வருகிறது என்றே தோன்றும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்பதும் நம்பக்கூடிய ஏற்பாடு அல்ல.

நாங்கள் தேர்ந்தெடுத்தது விறகு. வெள்ளைக்காரர் காலத்து பங்களாக்களில் இருக்கும் திறந்த கணப்பு அல்ல. அது கண்ணுக்கு அழகு; ஆனால் விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்குதான் அறைக்கு வரும், மற்றது அறையின் வெதுவெதுப்பான காற்றையும் இழுத்துக்கொண்டு புகைபோக்கி வழியே போய்விடும். எங்களுடையது மூடிய இரும்பு அடுப்பு. காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் புகாரி என்ற பெயரில் பல வீடுகளில் இருப்பதன் ஜாதி. ஃபவுண்டரி ஊரான கோவையில் ஃபயர் பிரிக்கும் தகடும் சுலபமாகக் கிடைக்கும் என்பதால், ஒரு வெல்டிங் பட்டறையில் கனமான இரும்புத் தகட்டில் செய்து வாங்கினோம். உள்ளே ஃபயர் பிரிக் வரிசை, கதவின் விளிம்பில் செராமிக் கயிறு, கீழே காற்றுக்கு ஒரு திருகு. கதவு இறுக்கமாக மூடுவதால் உள்ளே போகும் காற்று நம் கையில் இருக்கிறது. விறகின் சூட்டில் அறுபது சதவீதத்துக்கு மேல் அறைக்குக் கிடைக்கிறது. பற்ற வைத்த கால் மணி நேரத்தில் இரும்பு சூடேறி, எதிரே நாற்காலியில் இருப்பவரின் முழங்காலில் அனல் படும். சுவர் என்ன குளிரில் இருந்தாலும் சரி.

குழாயில்தான் கவனம் வேண்டும். ஆறு அங்குலக் குழாய், முடிந்தவரை நேராக, கூரையின் உச்சிக்கு மேல் இரண்டு மூன்று அடி நிற்க வேண்டும். தாழ்வாக விட்டால் காற்று திரும்பி அடித்துப் புகை உள்ளே வரும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை ஒருபோதும் துளைக்கக் கூடாது, அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. நாங்கள் சுவர் வழியாக வெளியே எடுத்து மேலே ஏற்றினோம். மரச் சட்டம், திரை எதுவும் வெறுங்குழாய்க்கு ஒன்றரை அடிக்குள் இருக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு முறை குழாயைத் துடைக்க வேண்டும், ஏனென்றால் ஈர விறகின் புகை உள்ளே கீல் மாதிரிப் படிந்து ஒரு நாள் குழாயே தீப்பிடிக்கும்.

விறகைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து ஹட்டி, அதாவது படுகர் கிராமத்துப் பெரியவர். “டீச்சர், கற்பூர விறகு சடசடன்னு எரிஞ்சு போயிருமுங்க. ராத்திரிக்கு நிக்கோணும்னா சீகைதான் வேணும்” என்றார். கற்பூரம் என்று இங்கே சொல்லும் யூகலிப்டஸும், சீகை என்று சொல்லும் வாட்டிலும் இந்த மலைக்கு 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. சோலைகளை வெட்டியும் தீராத விறகுத் தேவைக்காகத்தான் நட்டார்கள். கற்பூரம் பற்ற வைக்க, சீகை நின்று எரிய என்று இரண்டும் வைத்திருக்கிறோம். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று சத்தம் வர வேண்டும், வெட்டு முகத்தில் வெடிப்பு தெரிய வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். அதைக் கொதிக்க வைக்கவே உங்கள் சூட்டில் ஒரு பங்கு போய்விடும். ஜனவரியில் பிளந்து, தாவாரத்தில் காற்றாட அடுக்கி, ஜூன் மழைக்கு முன் மூடி வைத்தால் அடுத்த டிசம்பருக்குத் தயார். ஒரு சாயங்காலத்துக்கு எங்களுக்கு ஐந்து கிலோ போல ஆகிறது. விறகுக் கடையில் வாங்குங்கள். மலைப் பகுதியில் சொந்தப் பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். காட்டுக்குள் பொறுக்கப் போவது குற்றம்.

தூங்கப் போகும்போது அடுப்பில் புதிதாக விறகு போடுவதில்லை. மெத்தையை ஒன்பது மணிக்கே அடுப்புப் பக்கம் நிமிர்த்தி வைத்து ஈரம் போக்கிவிடுவோம். படுக்கைக்குள் ஆளுக்கு ஒரு வெந்நீர்ப் பை. இரண்டு லிட்டர் தண்ணீர் 60 டிகிரியிலிருந்து 35க்கு இறங்கும்போது விடும் வெப்பம் 0.06 யூனிட்தான். ஆனால் அது முழுவதும் காலுக்குப் போகிறது, சுவருக்குப் போவதில்லை. விடியற்காலை நாலு மணிக்கு மேல், துணைக்கு வைத்திருக்கும் ஆயில் ஹீட்டரைத் தாழ்த்தி வைத்தால் போதும்.

கடைசியாக, விறகோ கேஸோ, நெருப்பு எரியும் எந்த அறையிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள். புகை அலாரம் வேறு, இது வேறு. கேட்டு வாங்க வேண்டும். மலையில் அறை வாடகைக்கு விடுகிறவர்களை இன்னும் அழுத்திக் கேட்டுக்கொள்கிறேன்: விருந்தாளி எவ்வளவு கெஞ்சினாலும் கரிச் சட்டியைக் கொடுக்காதீர்கள். இன்னொரு கம்பளி கொடுங்கள்.